கேட்கக்கூடாத கேள்வி: மேடையில் 'லோஹென்கிறின்'

தேவாலயத் திருமணங்களில் மணமகள் நடந்து வரும்போது வாசிக்கப்படும் மெட்டை நம்மில் பலர் கேட்டிருப்போம். அது ஒரு சோகக் கதையின் பாட்டு என்பது, ஊடகக் கல்வி படித்த காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ஜேர்மன் இசையமைப்பாளர் றிச்சார்ட் வாக்னரின் 'லோஹென்கிறின்' ஒபெராவில், மூன்றாம் அங்கத்தில் அது வருகிறது. அந்தப் பாட்டு ஒலித்த அதே இரவில் அந்தத் திருமணம் உடைந்துபோகிறது.

ஒபெராவும் நமது கூத்தைப்போல பாட்டால் நகரும் நாடகம்தான். இக்கதை மத்தியகால ஐதீகம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. 10ஆம் நூற்றாண்டு அன்ற்வேர்ப்பில் நடக்கிறது. எல்சாவின் தம்பி கொட்பிரீட் காணாமற்போகிறான். அவனைக் கொன்றவள் என்று அவள்மீதே பழி விழுகிறது. அன்னம் இழுத்துவரும் படகில் வந்திறங்கும் வீரன் ஒருவன் அவளுக்காகப் போரிட்டு வெல்கிறான், அவளை மணக்கிறான். அவன் விதிக்கும் நிபந்தனை ஒன்றுதான்: தன் பெயரையும் ஊரையும் ஒருபோதும் கேட்கக்கூடாது. முதலிரவில் எல்சா கேட்டுவிடுகிறாள். அவன் தான் யார் என்பதைச் சொல்லிவிட்டுப் பிரிந்துபோகிறான். சூனியத்தால் அன்னமாக்கப்பட்டிருந்த தம்பி மீண்டும் மனித உருப்பெறுகிறான். எல்சா உயிரற்று விழுகிறாள்.

1850 ஓகஸ்ட் 28 அன்று வைமார் நகரில் பிரான்ஸ் லிஸ்டின் நெறியாள்கையில் இது முதலில் மேடையேறியது. வாக்னர் அங்கு இருக்கவில்லை. 1849 மே மாத டிரெஸ்டன் கிளர்ச்சியில் பங்கேற்றதால் பிடியாணைக்குத் தப்பி, சுவிற்சர்லாந்தில் தஞ்சமடைந்திருந்தார். தன் படைப்பை முழுமையாக அவர் கேட்டது 1861இல், வியன்னாவில்தான். ஆனால் அகதியாக வாழ்ந்த அதே மனிதர், 1850இலேயே யூத இசைஞர்களை இழிவுபடுத்தும் கட்டுரை ஒன்றைப் புனைபெயரில் வெளியிட்டார். இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத முடியாது.

மேடையேற்றுபவர்களுக்கு அன்னத்தைக் கொண்டுவருவதைவிடக் கடினமானது முடிவுக் காட்சி. மீண்டுவரும் சிறுவனை மக்களின் 'பியூரர்', அதாவது தலைவன், என்று அறிவிக்கிறான் லோஹென்கிறின். ஹிட்லர் தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டமும் அதுவே. அதனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பல மேடைகளில் அச்சொல் 'காவலன்' என்று மாற்றிப் பாடப்படுகிறது.

2010இல் பைரோய்ற் விழாவில் ஹான்ஸ் நொயன்பெல்ஸ் மக்கள் கூட்டத்தை ஆய்வுகூட எலிகளாக உடுத்தி நிறுத்தினார். அதன் பதிவைப் பார்த்தபோது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை. எவன் வந்தாலும் வாழ்த்துப் பாடும் கூட்டம் அது. முடிவில் தம்பி திரும்பி வருவதும் முழுமையாக உருப்பெறாத சிசுவைப் போலத்தான்.

பழைய தயாரிப்புகள் பலவற்றில் எல்சா வாக்குத் தவறிய பெண். எனக்கு அவள் அப்படித் தெரியவில்லை. காணாமற்போனவர்களின் படங்களை ஏந்தி வீதியோரத்தில் இருக்கும் தாய்மாரைக் கண்ட எவருக்கும் அப்படித் தெரியாது. எங்களை நம்பு, கேள்வி கேட்காதே என்று சொல்பவர்களிடம் பெயரையும் ஊரையும் கேட்பது குற்றமல்ல.