தகடூர்ப் போரும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் வழியில் உள்ள அதியமான்கோட்டை, தகடூரை ஆண்ட அதியர் மரபின் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் ஊர். அம்மரபின் வீழ்ச்சியைக் குறிக்க ஆங்கிலத்தில் எழுதப் புகுவோர் 'இன்டர்நெசைன்' என்னும் அடைச்சொல்லை எளிதில் நாடக்கூடும். அச்சொல்லின் வரலாறு சுவையானது.

இலத்தீனில் 'நெக்காரே' என்பது கொல்லுதல். 'இன்டர்' என்னும் முன்னொட்டு இங்கு 'முற்றாக' என்ற பொருளில் வந்தது. எனவே 'எவரும் எஞ்சாது கொல்லுகின்ற' என்பதே மூலப்பொருள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்தபோதும் அதுவே பொருள். 1755இல் வெளிவந்த தம் அகராதியில் சாமுவேல் ஜான்சன், முன்னொட்டை 'ஒருவருக்கொருவர்' எனக் கொண்டு, இருதரப்பும் அழிய முயல்வது என்று பொருள் எழுதினார். பிழை வழக்காயிற்று. பின்னர் 'ஓரினத்தார் தமக்குள் பொருவது' என்றும் பொருள் விரிந்தது. அகராதிப் பிழை ஒன்று மொழியையே வென்றுவிட்டது!

தமிழர்க்கு இப்பொருள் பிழையால் வந்ததன்று. இருபெரு வேந்தரும் படையும் ஒருங்கே மடிவதைத் தும்பைத் திணையில் 'தொகைநிலை' என்னும் துறையாகவே வகுத்தனர். சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருநற்கிள்ளியும் ஒரே களத்தில் வீழ்ந்ததைக் கழாத்தலையாரும் பரணரும் பாடியுள்ளனர். அச்சொல்லை 'உட்பகை' என மொழிபெயர்ப்பது பொருந்தாது. வள்ளுவர் 89ஆம் அதிகாரத்தில் கூறும் உட்பகை, உறவாடி மறைந்து நிற்பது. களத்தில் எதிர்ப்பட்டுக் கொல்வதன்று.

தகடூரிலோ ஒருவன் வென்றான், ஒருவன் வீழ்ந்தான். ஆயினும் அரிசில்கிழாரை நோக்குக. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர் அவரே. தகடூரில் வீழ்ந்த எழினிக்குப் புறநானூற்றில் இரங்கியவரும் அவரே. அங்கு அவர் வென்றவனைப் பழிக்கவில்லை. கூற்றத்தை அறமற்றது என்கிறார். வறுமையுற்ற குடியின் உழவன் விதைநெல்லை உண்டதுபோல் எழினியின் உயிரை உண்டுவிட்டாய். அவனை விட்டிருந்தால் அவன் களந்தோறும் வீழ்த்தும் பகைவர் உயிர்களை உண்டு நிறைந்திருப்பாயே என்பது அவர் வாதம். கொன்றதே தனக்குக் கேடு செய்துகொண்டது என்னும் இக்கருத்து, ஜான்சன் தந்த பொருளுக்கும் ஒருபடி அப்பாற்பட்டது. வெற்றியைப் பாடிய நாவே இதனையும் பாடிற்று என்பதைத் தகடூர்ப் போரை எழுதுவோர் பலர் ஓரிரு சொற்களில் கடந்துவிடுகின்றனர். அப்போரைப் பாடிய தகடூர் யாத்திரை முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் உரைகளிலும் சில பாடல்களே எஞ்சியுள்ளன.