டயருக்கும் வயசு உண்டு

அடையாறு நண்பர் ஒருவர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். மொத்தமே 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. முன்பு வைத்திருந்தவர் தி.நகர் வீட்டு ஷெட்டில் கவர் போட்டுப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாராம். இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஒருநாள் அதை விரட்டிப் பார்க்கணும் என்பது நண்பரின் ஆசை. பக்கத்து சீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார். போகும் முன் மயிலாப்பூரில் காற்று பிடிக்க நிறுத்தினோம். டயர் கடைக்காரர் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "பட்டன் அப்படியே இருக்கு சார், கவலையே படாதீங்க" என்றார்.

நான் குனிந்து டயரின் பக்கவாட்டில் தேடினேன். டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் 1913 என்று இருந்தது. 2013-ம் வருஷத்தின் 19-வது வாரம். மே மாதம், அக்னி நட்சத்திரத்தில் பிறந்த டயர். வயசு 11.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பட்டன் உண்மையிலேயே புதுசு மாதிரிதான் இருந்தது. பட்டன் இருந்தால் நல்ல டயர், இல்லாவிட்டால் மொட்டை டயர். நம்ம ஊரில் டயரை எடைபோடுவது இப்படித்தான். இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1946-ல் மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு சின்ன ஷெட்டில் பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, இன்றைய எம்.ஆர்.எஃப். 1952-ல் அவர்கள் ட்ரெட் ரப்பர் தயாரிப்பில் இறங்கினார்கள். தேய்ந்த டயரின் மேல் புதுப் பட்டன் ஒட்டுவதற்கான ரப்பர் அது. அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்ட் கம்பெனியோடு சேர்ந்து முழு டயர் செய்யத் தொடங்கியது 1961-ல்தான். ஆக, டயர் செய்வதற்கு முன்பே பல வருஷம் பட்டனை விற்ற கம்பெனி அது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் இந்தக் கணக்கு சரிதான். தினமும் ஓடும் வண்டியில் ரப்பர் கிழடாகும் முன்பே பட்டன் தேய்ந்துவிடும்.

ரேஸிலும் அதே கதைதான். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பல வருஷம் ரேஸ் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த ட்ராக் வந்தது. ரேஸ் காரின் டயருக்கும் வயசாக நேரம் கிடைக்காது. அதற்குள் தேய்ந்துவிடும்.

ஷெட்டில் தூங்கும் ஸ்போர்ட்ஸ் கார் இந்த இரண்டு கணக்கிலும் வராது. அங்கே பட்டன் தேயாது, ரப்பர் மட்டும் கிழடாகும். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தகத்தால் கோத்துத்தான் டயர் செய்கிறார்கள். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அந்தச் சங்கிலிகளை மெல்ல மெல்ல மாற்றுகிறது. ரப்பர் இறுகுகிறது, பிடிப்பு குறைகிறது. ரப்பரைக் காக்கக் கலக்கும் மெழுகு, டயர் உருண்டு நசுங்கி விரியும்போதுதான் மேற்பரப்புக்கு நன்றாக வரும். நிற்கும் டயருக்கு அந்தக் காப்பும் குறைவு. வெப்பம் 10 டிகிரி கூடினால் ரசாயன மாற்றத்தின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று ப்ளஸ் டூவில் படித்திருப்போம். சென்னை வெயிலை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

வேகம் போனால் இன்னொரு ஆபத்து. டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிவதால் உள்ளே சூடு ஏறும். பழைய ரப்பராக இருந்தால் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி அடுக்கிலிருந்து பட்டன் பகுதி உரிந்துகொண்டு போகலாம். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் அமெரிக்காவில் 65 லட்சம் டயர்களைத் திரும்ப அழைத்தது இப்படி உரிந்ததால்தான். 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டயரின் வடிவமைப்பு, தயாரிப்பு, குறைந்த காற்று என்று பல காரணங்கள் பேசப்பட்டன. ஆனால் புகார்கள் குவிந்தது அரிசோனா, டெக்சாஸ், ஃப்ளோரிடா மாதிரி வெயில் ஊர்களிலிருந்து.

பால் வாக்கர் இறந்த விபத்தும் நினைவிருக்கும். 2013 நவம்பர் 30, கலிஃபோர்னியா. 2005 மாடல் போர்ஷ கரேரா ஜிடி. ஓட்டியவர் ரோஜர் ரோடாஸ், பக்கத்து சீட்டில் வாக்கர். மணிக்கு 72 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாத சாலையில் வண்டி 130-லிருந்து 150 வரை போயிருக்கிறது. விபத்துக்குக் காரணம் வேகம் என்றார்கள் விசாரித்தவர்கள். வண்டியில் இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் டயர்களுக்கு 9 வயசு, அதனால் வண்டியின் பிடிப்பு குறைந்திருக்கலாம் என்றும் குறித்தார்கள்.

என்னை மாதிரி சாஃப்ட்வேர்காரர்களுக்கு ஒரு துணுக்கு. 2000-க்கு முன் டயரில் தேதிக்கு மூன்றே இலக்கம். 328 என்றால் 32-வது வாரம் சரி, வருஷம் 1988-ஆ 1998-ஆ? எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நம்ம ஒய்2கே தலைவலியேதான். 2000-லிருந்து நான்கு இலக்கம் ஆக்கினார்கள்.

பல கார் கம்பெனிகள் 6 வருஷத்தில் டயரை மாற்றச் சொல்கின்றன. டயர் கம்பெனிகள் பல, 10 வருஷத்துக்கு மேல் எந்த டயரும் வேண்டாம் என்கின்றன. டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும்.

நண்பர் முனகிக்கொண்டேதான் நாலு டயரையும் மாற்றினார். கழற்றிய டயரைக் கையால் மடக்கிப் பார்த்தோம். பட்டன்களுக்கு நடுவே, பள்ளத்தின் அடியில், தலைமுடி மாதிரி வெடிப்புகள். நிற்கும்போது அவை கண்ணில் பட்டிருக்காது. அடுத்த மாதம் ட்ராக்குக்குப் போனோம். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன்.