கிள்ளான் வேலை நிறுத்தமும் கிராணிமாரும்

வேலை நிறுத்தம் என்பது கோபத்தால் ஒரே நாளில் மூண்டெழும் தீ என்று கருதுவோர் நம்மில் பலர். 1941-ஆம் ஆண்டில் சிலாங்கூர் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலை நிறுத்தம் அக்கருத்தைப் பொய்யாக்குவதாகும்.

அந்நாளில் ரப்பர் தோட்டம் ஒவ்வொன்றும் தனித் தீவாகவே இருந்தது. வேலை கொடுப்பவரே வீட்டுக்கும் உடையவர். ஒரு தோட்டத்தார் மட்டும் பால் வெட்ட மறுத்தால், அவர்களை லயத்தினின்று வெளியேற்றுதல் துரைமாருக்கு எளிது. ஆகவே, தோட்டத்தைத் தோட்டத்தோடு பிணைத்தலே முதல் வேலையாயிற்று. ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அதனை மேற்கொண்டது. சிதறிக் கிடந்த குறைகள் ஒரே கோரிக்கைப் பட்டியலாயின.

அப்பட்டியலைச் சற்று ஊன்றி நோக்குவோம். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, தக்க மருத்துவம், பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்டிர் மானத்துக்குப் பாதுகாப்பு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை அதில் இருந்தன. துரையையோ கிராணியையோ எதிரில் கண்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒன்று. வயிற்றுக்காகக் கேட்டவர்கள் மானத்துக்காகவும் கேட்டனர்.

தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் ஈண்டு ஒன்றை மறைத்தல் தகாது. கொடிய துரைமாரோடு கொடிய கிராணிமாரையும் நீக்குக என்று அப்பட்டியல் கூறிற்று. சங்கத்தை நடத்தியோரும் எழுத்தறிந்தவர். தொழிலாளியின் வெறுப்புக்கு ஆளானோரும் எழுத்தறிந்தவர். கல்வி ஒன்றே, அது யார் பக்கம் நின்றது என்பதே வேற்றுமை.

கூலி சிறிது உயர்ந்தது. மற்றக் கோரிக்கைகள் அப்படியே நின்றன. 1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவர் விடுதலையை வேண்டி வேலை நிறுத்தம் மேலும் பரவிற்று. அரசாங்கம் ராணுவத்தை வரவழைத்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியப் படையெடுப்பும் வந்தது.

இதனைத் தோல்வி என்பார் உளர். ஆனால், சங்கம் வேண்டுமென்ற அவ்வெண்ணம் மாளவில்லை. யுத்தத்திற்குப்பின் தொழிற்சங்கங்கள் பல தோன்றி, 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கமாக ஒன்றிணைந்தன.

இன்று கிராணியின் முன் சைக்கிளைவிட்டு இறங்குவார் எவருமிலர். அதற்கு விலை கொடுத்தவர் நாமல்லேம். மனுவோடு நம் மேசைக்கு வரும் தொழிலாளியை முதலில் அமரச் சொல்வோம்; பின்னர் அம்மனுவைச் செம்மையாக எழுதிக் கொடுப்போம். அந்தக் கடனையேனும் தீர்ப்போமாக.