பெங்களூரு கரகம்: திரௌபதி வழிபாட்டின் வடதமிழக வேர்கள்

சைத்ர மாதப் பௌர்ணமி நள்ளிரவில் பெங்களூரு திகளர்பேட்டை தர்மராயசுவாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படுகிறது. மல்லிகைப் பூவால் கோபுரம்போல் உயர்ந்த கரகத்தைத் தலையில் தாங்கி வருபவர் ஆண். உடுத்தியிருப்பதோ சேலை, கையில் வளையல், கழுத்தில் தாலி. கரகத்தைக் கையால் தொடாமல் விடியும்வரை பேட்டைத் தெருக்களில் ஆடி வருவார். சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள். ‘கோவிந்தா, கோவிந்தா’ என்ற முழக்கம் தெருவை நிறைக்கும்.

இதைத் தமிழகக் கரகாட்டத்தின் கிளை என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் போதாது. தலையில் பாரம் தாங்கி ஆடும் திறன் பல நாடுகளில் உண்டு. மத்திய ஆசியாவின் உய்குர் பெண்கள் கிண்ணங்களைத் தலையில் அடுக்கி ஆடுகிறார்கள். ஆட்டத்தின் நுட்பத்தை மட்டும் வைத்து வேரைத் தேட முடியாது. அதைத் தாங்கி நிற்கும் கதையையும் சடங்கையும் பார்க்க வேண்டும்.

கரகத்தை நடத்தும் வன்னிகுலத் திகளர்கள் வழிவழியாகத் தோட்டக்காரர்கள். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் தோட்டத்தோடு இச்சமூகத்தின் பெயர் பிணைந்திருக்கிறது. 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பு, இவர்களைத் தமிழ் வழியினர் என்றும் வடதமிழகப் பள்ளி (வன்னியர்) சமூகத்தோடு உறவுடையவர்கள் என்றும் குறிக்கிறது. நெருப்பில் பிறந்தவர்கள் என்ற குலக்கதை வன்னியர்களுக்கும் உண்டு. வேள்வித் தீயில் தோன்றிய திரௌபதி இவர்களுக்குக் குலதெய்வமாவது இயல்பே.

இவ்வழிபாட்டின் மையம் செஞ்சி வட்டாரம் என்பதை ஆல்ஃப் ஹில்டபைடல் 1988இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாக நிறுவினார். அங்கே பாரதம் படிப்பார்கள், இரவில் தெருக்கூத்து நடக்கும், படுகளத்தில் துரியோதனன் வீழ்வான், திரௌபதி கூந்தல் முடிப்பாள், தீமிதியோடு விழா நிறையும். அக்கோயில்களின் காவல் தெய்வம் போத்துராஜா. வியாசர் பாரதத்தில் இவருக்கு இடமில்லை. ஆனால் தர்மராயசுவாமி கோயிலில் போத்தராஜா என்ற பெயரில் இவருக்கு இடமுண்டு. கரக விழாவில் அவர் கதையும் உண்டு. இரு வழிபாடுகளுக்கும் உள்ள உறவுக்கு இதைவிட உறுதியான சான்று தேவையில்லை என்றே கருதுகிறேன்.

இன்னொரு சான்று மேலும் ஆழமானது. கரக ஊர்வலம் காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குச் சென்று மரியாதை பெறுகிறது. இதை நகரத்து மத நல்லிணக்கம் என்று மட்டுமே எழுதுகிறார்கள். ஆனால் செஞ்சிப் பகுதித் திரௌபதி கோயில்களில் முத்தால் ராவுத்தன் என்ற முஸ்லிம் காவலரும் நிற்கிறார். திரௌபதியின் எல்லைக்குள் முஸ்லிம் வீரருக்கு இடமளிக்கும் மரபு, தோட்டக்காரர்களோடு மலையேறி வந்திருக்கலாம். பெங்களூருவில் அது ஒரு சூஃபி அடக்கத்தலத்தைத் தனக்குரிய இடமாகக் கண்டுகொண்டது என்பது என் கருத்து.

மாற்றமும் நேர்ந்திருக்கிறது. தமிழகத்தில் விழாவின் உச்சம் நெருப்பு. இங்கே கரகமும் நீர்நிலையும். திமிராசுரனை அழிக்கத் திரௌபதி தன்னிலிருந்து வீரகுமாரர்களைப் படைத்தாள். பிரிய மனமில்லாத அவர்களிடம் ஆண்டுதோறும் வருவதாக வாக்களித்தாள் என்பது இங்குள்ள கதை. பௌர்ணமிக்கு முன்னர் ஹசி (பச்சை) கரகம் சம்பங்கி ஏரிக்கரையிலிருந்து வருகிறது. ஏரிப்பாசனத்தை நம்பிய தோட்டக்காரர்களின் விழா நீரில் தொடங்குவது பொருத்தமே. ஸ்மிருதி ஸ்ரீனிவாஸ் 2001இல் வெளியிட்ட நூல், நகரம் மறந்துவிட்ட ஏரிகளையும் தோட்டங்களையும் கரகம் நினைவில் வைத்திருப்பதைக் காட்டியது. சம்பங்கி ஏரியின் பெரும்பகுதி இன்று கண்டீரவா விளையாட்டரங்கம். தர்மாம்புதி ஏரி கெம்பேகௌடா பேருந்து நிலையம்.

திரௌபதி வழிபாட்டை ஆராயும் தமிழ் அறிஞர்கள் ஓசூர் எல்லையோடு நின்றுவிடக் கூடாது. பெங்களூரு, ஆனேக்கல், ஹொசகோட்டே கரகங்களையும், திகளர் முதியவர்களின் கலப்புத் தமிழையும், அவர்கள் சொல்லும் கதைகளையும் அந்த முதியவர்கள் இருக்கும்போதே பதிவுசெய்ய வேண்டும்.