போடாத ஓட்டுக்கு என்ன கணக்கு?

தேர்தல் வந்தாலே எங்கள் வீட்டில் ஒரு சண்டை நிச்சயம். "ஓட்டுப் போடாதவனுக்கு ரேஷன் கார்டை நிறுத்தணும்டா" என்பது தாத்தாவின் கட்சி. "போடாமல் இருப்பதும் என் உரிமைதானே தாத்தா" என்பது என் கட்சி. ஏதோ வீம்புக்குப் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் 1947-ல் நடந்த ஒரு வாக்கெடுப்பைப் பற்றிப் படித்தபிறகு நானே கொஞ்சம் குழம்பிப் போய்விட்டேன்.

பிரிவினை என்றதும் நமக்கு மவுண்ட்பேட்டன், நேரு, ஜின்னா மூவரும் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்ததுதான் நினைவுக்கு வரும். ஆனால் 1947 ஜூன் 3 திட்டத்தின்படி இரண்டு இடங்களில் வாக்காளர்களிடமே நேரடியாகக் கேட்டார்கள். ஒன்று அசாமில் இருந்த சில்ஹெட் மாவட்டம். அங்கே இரண்டு தரப்பும் மோதின. கிழக்கு வங்காளத்தோடு சேர 2,39,619 ஓட்டு, அசாமிலேயே இருக்க 1,84,041 ஓட்டு. முடிவு தெளிவு.

இரண்டாவது இடம் வடமேற்கு எல்லைப்புற மாகாணம். நம் கதை இங்கேதான்.

ஆப்கானிஸ்தான் எல்லையை ஒட்டிய பதான்களின் பூமி அது. மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முஸ்லிம்கள். ஆனால் 1946 தேர்தலில் அங்கே ஜெயித்தது முஸ்லிம் லீக் அல்ல, காங்கிரஸ்! காரணம் 'எல்லை காந்தி' கான் அப்துல் கபார் கானும் அவருடைய செஞ்சட்டைத் தொண்டர்களும்தான். அவருடைய அண்ணன் டாக்டர் கான் சாகிப்தான் அங்கே முதல்வர்.

வாக்கெடுப்பில் இரண்டே வழிகள். இந்தியாவா, பாகிஸ்தானா? கான் சகோதரர்கள் மூன்றாவதாக ஒன்று கேட்டார்கள்: பதான்களுக்கென்று தனி நாடு, பக்தூனிஸ்தான். ஜூன் 21-ந் தேதி பன்னுவில் கூடித் தீர்மானமே போட்டார்கள். மவுண்ட்பேட்டன் மறுத்துவிட்டார். மாகாணங்கள் தனி நாடாகலாம் என்ற வழியை மே மாதம் சிம்லாவில் எதிர்த்து அடைத்ததே நேருதான்; இப்போது எப்படித் திறப்பது? கபார் கானுக்கு இது பெரிய அடி. முப்பது வருடப் போராட்டத்துக்குப் பிறகு சொந்தக் கட்சியே கைவிட்டுவிட்டது என்று அவர் கடைசிவரை வருந்தினார்.

கேட்டது கிடைக்கவில்லை என்றதும் அவர்கள் எடுத்த முடிவு புறக்கணிப்பு. யாரும் வாக்குச்சாவடிக்குப் போக வேண்டாம்!

ஜூலை 6 முதல் 17 வரை வாக்குப்பதிவு. மொத்த வாக்காளர்கள் 5,72,798. பாகிஸ்தானுக்கு 2,89,244 ஓட்டு. இந்தியாவுக்கு வெறும் 2,874. (1941 கணக்கெடுப்பில் அந்த மாகாணத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 30 லட்சம். எல்லோருக்கும் ஓட்டுரிமை இல்லாத காலம் அது என்பதையும் மறக்க வேண்டாம்.)

பி.காம். படிக்கிறவன் கையில் எண்ணைக் கொடுத்தால் சும்மா இருப்பானா? கால்குலேட்டரை எடுத்தேன். பதிவான ஓட்டில் பாகிஸ்தானுக்கு 99 சதவீதம். மொத்த வாக்காளர்களில் என்று பார்த்தால் ஐம்பதரை சதவீதம்தான். சரிபாதியைத் தாண்டியது வெறும் 2,845 ஓட்டில்! அப்படியானால் வராத 2,80,680 பேரும் வந்து இந்தியாவுக்குக் குத்தியிருந்தால்? அதையும் கூட்டிப் பார்த்தேன். 2,83,554. அப்போதும் 5,690 ஓட்டில் தோல்விதான்.

ஆனால் இந்தக் கூட்டலே தப்பு என்பது பிறகுதான் உறைத்தது. வராதவர்கள் எல்லோரும் கபார் கான் பேச்சைக் கேட்டு வராதவர்களா? நோயாளி, வெளியூர் போனவர், சோம்பேறி, இறந்தும் பட்டியலில் இருப்பவர், எல்லோரும் அந்த 2,80,680-க்குள்தான் இருக்கிறார்கள். எத்தனை பேர் கொள்கைக்காக வீட்டில் இருந்தார்கள் என்று பிரிக்கவே முடியாது. கள்ள ஓட்டு விழுந்தது என்று கான் தரப்பு புகார் சொன்னது. ஒன்றும் நடக்கவில்லை. ஆகஸ்ட் 22-ல் கான் சாகிப் ஆட்சி கலைக்கப்பட்டது. அடுத்த வருடம் கபார் கான் சிறைக்குப் போனார்.

"பார்த்தாயா, போய் ஓட்டுப் போட்டிருக்கணும்" என்றார் தாத்தா. எதற்குப் போடுவது தாத்தா? அவர்கள் கேட்ட பதில் சீட்டில் இல்லையே!

இந்த இடம்தான் முக்கியம். நம் நாட்டில் 49-ஓ என்ற விதி இருந்தது. எழுத்தாளர் ஞாநி அதைப் பற்றி விடாமல் எழுதியதால் தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். வாக்குச்சாவடிக்குப் போய், யாருக்கும் போடவில்லை என்று அதிகாரியிடம் பதிவு செய்யலாம். ஆனால் ரகசியம் போய்விடும். 2013 செப்டம்பர் 27-ல் உச்ச நீதிமன்றம் இதைச் சரிசெய்து நோட்டா பொத்தானைக் கொடுக்கச் சொன்னது.

தாத்தாவின் ஆசையை ஒரு மாநிலம் சட்டமாகவே போட்டது. குஜராத்தில் உள்ளாட்சித் தேர்தலில் கட்டாய வாக்களிப்பு. 2009-ல் மசோதா நிறைவேறியது. தனிமனித சுதந்திரத்துக்கு எதிரானது என்று ஆளுநர் கமலா பேனிவால் திருப்பி அனுப்பினார். கடைசியில் 2014-ல் வேறொரு ஆளுநர் கையெழுத்திட்டார். வராதவருக்கு 100 ரூபாய் அபராதம் என்று விதியும் வந்தது. 2015 ஆகஸ்டில் குஜராத் உயர் நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், 'யாருக்கும் இல்லை' என்று போடும் வழியும் அந்த மசோதாவிலேயே இருந்தது. அதாவது வந்தே ஆக வேண்டும், ஆனால் மறுக்கலாம்.

எல்லைப்புறத்தில் அப்படி ஒரு மூன்றாவது பெட்டி இருந்திருந்தால், எத்தனை பேர் மறுத்தார்கள் என்ற எண்ணாவது நமக்குக் கிடைத்திருக்கும். இதைச் சொன்னதும் தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, நோட்டாவாவது போட்டுட்டு வா. ரேஷன் கார்டு கட் கிடையாது" என்றார்.

100 ரூபாய் அபராதத்துக்கு மட்டும் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.