கணினி வந்தபோது தமிழ் எங்கே இருந்தது?



சென்ற வாரம் எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த இளம் ஆசிரியை ஒருவர் என்னிடம் கேட்டார்: “அக்கா, இணையம் இல்லாமல் நீங்களெல்லாம் எப்படித்தான் பாடம் நடத்தினீர்கள்?” கேலியாக அன்று, உண்மையான வியப்போடுதான் கேட்டார். “மணிலா அட்டையும் மார்க்கர் பேனாவும் போதுமம்மா” என்று சிரித்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். ஆனால் அக்கேள்வி என்னை விடவில்லை. நம் தமிழ்ப்பள்ளி வகுப்பறைக்குள் தொழில்நுட்பம் நுழைந்த கதையை யாராவது எழுதி வைத்தால்தானே அடுத்து வருவோர்க்குத் தெரியும்? நான் வரலாற்றாசிரியை அல்லள். கோத்தா திங்கி வட்டாரத்தில் பணியாற்றும் சாதாரண ஆரம்பப்பள்ளி ஆசிரியை. எனவே நாட்டில் நடந்ததையும் என் கண்முன் நடந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்நாட்டில் தமிழ்க்கல்வியின் தொடக்கமாக 1816-ஐச் சொல்வது வழக்கம். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் தொடங்கிய பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பும் இருந்தது. அன்று தொட்டு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குத் தமிழ் மாணவனின் கைக்கருவி சிலேட்டும் பலகையும்தான். 1972 ஜூன் 19-இல் கல்வி அமைச்சு கல்வித் தொலைக்காட்சியைத் தொடக்கியது. நான் படித்த தோட்டப்பள்ளியில் அந்தத் தொலைக்காட்சிப் பெட்டி பூட்டிய மர அலமாரிக்குள் இருந்தது. சாவி தலைமையாசிரியரிடம். அவர் திறந்தால்தான் நாங்கள் பார்க்கலாம். பெரும்பாலும் அவர் திறக்கவில்லை!

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. திரைப்படம் வந்த புதிதில், 1913-இலேயே, தாமஸ் எடிசன் பள்ளிகளில் புத்தகங்களின் இடத்தை அசையும் படங்கள் விரைவில் பிடித்துக்கொள்ளும் என்றார். அமெரிக்கக் கல்வி வரலாற்றாய்வாளர் லாரி கியூபன் 1986-இல் ‘ஆசிரியர்களும் இயந்திரங்களும்’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூலொன்று எழுதினார். திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி என ஒவ்வொன்றும் பேராரவாரத்தோடு வந்து, வகுப்பறையின் ஓரத்தில் ஒதுங்கிப்போன கதை அது. தொழில்நுட்பத்தை ஏற்காத ஆசிரியர்களைக் குறைகூறுவோர் அதைப் படிக்கவேண்டும். கருவியை வாங்கி இறக்குவோர், அதைக் கொண்டு பாடம் நடத்தப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்பது அன்றும் இன்றும் ஒன்றுபோல் இருக்கிறது.

நான் 1998-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தேன். (அக்கல்லூரிகள் இப்போது ஆசிரியர் கல்விக் கழகங்கள் எனப்படுகின்றன.) மூன்றாண்டுப் பயிற்சியில் ‘தொழில்நுட்பம்’ என்று நாங்கள் கற்றது ஓ.எச்.பி. கருவிக்கு ஒளிபுகு தாளில் அழகாக எழுதுவதைத்தான். கணினிக்கூடத்தில் இருவருக்கு ஒரு கணினி. ஆங்கிலத்திலும் மலாயிலும் தட்டச்சு செய்தோம். தமிழில் செய்யலாமா என்று ஒரு தோழி கேட்டபோது விரிவுரையாளர், “எழுத்துரு இல்லையே” என்றார். அத்துடன் பேச்சு முடிந்தது. தமிழ் கற்பிக்கப் பயிற்சி பெறும் எங்களுக்கு, தமிழை எழுதத் தெரியாத இயந்திரத்தில் பயிற்சி!

இதில் வேதனை என்னவென்றால், அவ்வேளையில் எழுத்துரு இருந்தது. நம் நாட்டிலேயே முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் இருந்தது. ஜொகூர்ப் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இருந்தார். அவர் நம்மைப் போன்ற ஆசிரியர்தாம். பள்ளியில் கற்பித்து, பின்னர்த் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளரானவர், சிறுகதை எழுத்தாளர். கணினித் துறையில் பட்டம் பெறாத அவர், தமிழ் கணினியில் ஏறியே ஆகவேண்டும் என்று வல்லுநர்களை விடாமல் துரத்தி வேலை வாங்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று நான்கு மொழிகளில் இணையத்தில் வெளியிடப்பட்டபோது, அதில் தமிழும் இடம்பெற்றது அவர் முயற்சியால்தான். 1997-இல் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டியவரும் அவரே. 1999 மே மாதம் மறைந்தார். அவர் மறைந்தபோது நான் பயிற்சி ஆசிரியை. எங்கள் கல்லூரியில் அவர் பெயரை ஒருவரும் சொன்னதாக நினைவில்லை. கோத்தா திங்கியிலிருந்து காரில் சென்றால் ஒன்றரை மணி நேரத்தில் எட்டக்கூடிய தொலைவில் இவ்வளவும் நடந்திருக்கிறது!

இனி நாட்டின் பெருந்திட்டங்களுக்கு வருவோம். 1996-இல் மல்டிமீடியா பெருவழித் திட்டம் வந்தது. அதன் ஓர் அங்கமாக 1997-இல் ‘விவேகப்பள்ளி’ வரைவு வெளியாயிற்று. 1999-இல் 87 பள்ளிகளில் சோதனைத் திட்டம் தொடங்கியது. அதற்கென உருவாக்கப்பட்ட பாடமென்பொருள்கள் நான்கு பாடங்களுக்கு: மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம். ஐந்தாவதாக ஒரு பாடத்தை எதிர்பார்த்தது நம் பேராசையோ என்னவோ!

நம் பள்ளிகளுக்குள் உண்மையில் கணினி புகுந்த ஆண்டு 2003. அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்க 2002 ஜூலையில் அமைச்சரவை முடிவெடுத்தது. அடுத்த ஜனவரியிலேயே முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு அது நடைமுறைக்கு வந்தது. சீனப்பள்ளிகள் வாதாடிச் சீனமொழிப் பாடவேளைகளையும் தக்கவைத்துக்கொண்டன. தமிழ்ப்பள்ளிகளில் இவ்விரு பாடங்களும் முற்றாக ஆங்கிலத்துக்கு மாறின. திட்டத்தோடு மடிக்கணினி வந்தது, எல்.சி.டி. படவீழ்த்தி வந்தது, வெண்திரை, தள்ளுவண்டி, பெட்டி பெட்டியாகக் குறுவட்டுகள் வந்தன.

அன்றைய பள்ளியின் நிலையைச் சொல்கிறேன். மழை பெய்தால் நனையும் நடைபாதையில் அந்தத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போவேன். படவீழ்த்தி சூடேறும் வரை காத்திருந்து, சன்னலுக்குத் துணி கட்டி மறைத்து, குறுவட்டைச் சுழலவிட்டால் முப்பது நிமிடப் பாடத்தில் பத்து நிமிடம் போயிருக்கும். பிறகு அழகான வண்ணப்படத்தில் ஒரு குரல் ஆங்கிலத்தில் பேசும். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்ட ஏழு வயதுப் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்ப்பார்கள். பாட்டு வந்தால் கை தட்டுவார்கள். “என்ன புரிந்தது?” என்று கேட்டால் ஒரு மாணவி, “டீச்சர், அந்தத் தவளை அழகா இருக்கு” என்றாள். பாடம் தவளையைப் பற்றியதன்று.

அப்போது எங்கள் பள்ளியில் ஒரு மூத்த ஆசிரியர் இருந்தார். ஓய்வுபெற ஐந்தாறு ஆண்டுகளே இருந்தன. அவர் வகுப்பறையின் பின்சுவரே ஒரு நூலகம். இருபது ஆண்டுகளாகத் தம் கையால் எழுதி வரைந்த மணிலா அட்டைகள்: உயிர்மெய் வரிசை, வாய்பாடு, பழமொழிகளுக்கு ஓவியம், செம்பனையின் உறுப்புகள். “ஐயா, மடிக்கணினிப் பயிற்சிக்கு வரவில்லையா?” என்று கேட்டேன். “என் பிள்ளைக்குத் தமிழ் எழுதிக் காட்டத் தெரியுமா அம்மா அந்தப் பெட்டிக்கு? தெரிந்ததும் சொல், வருகிறேன்” என்றார். எனக்குச் சினம் வந்தது. இவர்கள் மாறவே மாட்டார்கள் என்று அன்று எண்ணினேன். அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி என்பது புரிய எனக்கு நான்காண்டுகள் ஆயின.

அந்தக் கேள்விக்காகவே தமிழ்த் தட்டச்சு கற்றேன். 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தபின் ஆசிரியர்களிடையே முரசு அஞ்சல் பரவத் தொடங்கியிருந்தது. ‘அம்மா’ என்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் திரையில் தமிழ் விழும் அந்த முதல் நாளை எளிதில் மறக்க முடியாது. 2005-இல் ஐயாவின் பயிற்சித்தாள்களை வாங்கி, மாலை வேளைகளில் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தேன். ஏறக்குறைய அறுபது தாள்கள். அவற்றைச் சிறிய விரலி ஒன்றில் சேர்த்து வைத்தேன். ஐயா அந்த விரலியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “சாவிக்கொத்தில் மாட்டிக்கொள், தொலைத்துவிடாதே” என்று மட்டும் சொன்னார்.

பிறகு வெள்ளம் வந்தது. கோத்தா திங்கி மக்கள் எவரும் மறக்காத வெள்ளம். 2006 டிசம்பர் பிற்பகுதியில் ஜொகூர் ஆறு கரைமீறி நகரை மூழ்கடித்தது. பள்ளி விடுமுறைக்காலம் என்பதால் பிள்ளைகள் இல்லை. நீர் வடிந்தபின் ஆசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் சேற்றை வாரினோம். புதிய பள்ளித் தவணை தொடங்கிய சில நாள்களில், 2007 ஜனவரி நடுவில், மறுபடியும் வெள்ளம்! முதல் வெள்ளத்தைவிட நீர்மட்டம் உயர்ந்தது. இரு வெள்ளங்களிலும் ஜொகூர் மாநிலத்தில் இடம்பெயர்ந்தோர் ஓர் இலட்சத்திற்கும் மேல்.

முதல் வெள்ளத்திலேயே கணினிகள் போயின. குறுவட்டுகளைக் கழுவிப் பார்த்தோம், சில ஓடின. ஆனால் ஐயாவின் அட்டைகள்? கூழாகிப் போயிருந்தன. மை கரைந்து சுவரெல்லாம் நீலமும் சிவப்பும் வழிந்திருந்தது. அவர் அந்த அறையின் வாசலில் நெடுநேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எங்களோடு வந்துவிட்டார்.

என் வீடு மேட்டுப் பகுதியில் இருந்ததால் விரலி தப்பியது. நன்கொடையாக வந்த கணினி ஒன்றில் அதைச் செருகி, “ஐயா, உங்கள் தாள்கள் பத்திரம்!” என்று பெருமையோடு திறந்தேன். திரை நிறையப் புரியாத குறிகள்! கோடுகள், வினாக்குறிகள், ஐரோப்பிய எழுத்துகள். நான் தட்டச்சு செய்தது தஸ்கி குறியீட்டில். இந்தக் கணினியில் அதற்குரிய எழுத்துரு இல்லை. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார். “இதிலும் வெள்ளம் புகுந்துவிட்டதா அம்மா?” என்றார்.

இளம் ஆசிரியர்களுக்கு இது விளங்காமல் இருக்கலாம். அக்காலத்தில் தமிழுக்குப் பல குறியீட்டு முறைகள்: தஸ்கி, 1999 சென்னை மாநாட்டை ஒட்டி வந்த தாப், தாம், இன்னும் நிறுவனத்துக்கு ஒன்று. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்ணிடங்களிலும் அவற்றை அடுத்த இடங்களிலும் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்த ஏற்பாடு அது. எழுத்துரு இல்லையேல் எழுத்து இல்லை. ஒருங்குறியில் 1991-இலேயே தமிழுக்குத் தனியிடம் கிடைத்துவிட்டது. ஆனால் அது சாதாரணக் கணினிக்கு வந்து சேர விண்டோஸ் 2000 வரையில் காத்திருக்க நேர்ந்தது. விண்டோஸ் எக்ஸ்பியிலும் ‘லதா’ எழுத்துரு சரியாகத் தெரிய, நிறுவல் குறுவட்டைப் போட்டு ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று எந்தப் பயிற்சியிலும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இணையத்தில் தமிழ் வலைப்பதிவர்கள்தாம் சொல்லிக்கொடுத்தார்கள். சுரதாவின் ‘பொங்குதமிழ்’ மாற்றியில் பழைய எழுத்தை ஒட்டினால் ஒருங்குறித் தமிழ் கிடைத்தது. இ-கலப்பையை இலவசமாகப் பதிவிறக்கினோம். ஒரு பள்ளித் தவணை முழுவதும் அறுபது தாள்களையும் மாற்றினேன். சில இடங்களில் கொம்பும் காலும் இடம்மாறி விழுந்தன. அவற்றைத் திருத்தியவர் ஐயா. ஆம், அவர் எனக்கு அருகில் நாற்காலியைப் போட்டு அமர்ந்தார். ஒற்றை விரலால் தட்டினார். அவர் முதன்முதலாகத் தாமே தட்டச்சு செய்த சொல் என்ன தெரியுமா? ‘ஞாயிறு’. ‘ஞா’ வரவே கால் மணி நேரம் ஆயிற்று. வந்ததும் பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அதன் பிறகு நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். ஆங்கிலவழி அறிவியல், கணிதத்தைக் கைவிடும் முடிவு 2009 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. பாடங்கள் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பின. அப்போது நம் கைகளில் கணினி இருந்தது; ஆனால் தமிழில் அறிவியல் குறுவட்டுகள் இல்லை. ஆசிரியர்களே படவில்லைகள் தயாரித்து விரலிகளில் பரிமாறிக்கொண்டோம். என் மதிப்பீட்டில் தமிழ்ப்பள்ளியின் உண்மையான தொழில்நுட்பப் பயிற்சி அதுதான். பணிமனைகளில் நடந்தது அன்று. பின்னர் எல்லாப் பள்ளிகளுக்கும் அதிவேக இணையமும் மெய்நிகர் கற்றல் தளமும் தரும் பெருந்திட்டம் வந்தது. அத்தளத்தின் பயன்பாடு ஐந்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று தேசியக் கணக்காய்வு அறிக்கையே கூறியது. 2019-இல் அத்திட்டம் முடிவுக்கு வந்தது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, ஒரே இரவில் எல்லாரும் இணைய ஆசிரியர்கள் ஆனோம். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளிடம் கருவி இல்லை. அப்பா வேலை முடிந்து வந்தபின் அவருடைய கைப்பேசியில் பாடம் பார்த்தவர்கள் பலர். இரவு பத்து மணிக்குப் புலனத்தில் ஒரு பிள்ளையின் குரல்பதிவு வரும்: “டீச்சர், அப்பா இப்பத்தான் வந்தாரு.” வாசித்துக் காட்டுவாள். பின்னணியில் தட்டு கழுவும் ஓசை கேட்கும். அந்த நாள்களில் நான் அதிகம் அனுப்பியவை ஐயாவின் பயிற்சித்தாள்கள்தாம். சிறு திரையிலும் தெளிவாகத் தெரிந்தன. எந்தக் கைப்பேசியிலும் எழுத்து உடையவில்லை.

ஐயா ஓய்வுபெற்று நெடுங்காலம் ஆகிறது. தீபாவளிக்குத் தவறாமல் புலனத்தில் தமிழில் வாழ்த்து அனுப்புகிறார். ஒற்றுப்பிழை இருந்தால் நான் அனுப்பிய பதிலைத் திருத்தி மறுபடியும் எனக்கே அனுப்புகிறார். வெள்ளத்தில் போன அட்டைகளுள் செம்பனைப் படம் மட்டும் வேறொரு வகுப்பின் மாடியறையில் இருந்ததால் தப்பியது. சென்ற வாரம் கேள்வி கேட்ட இளம் ஆசிரியைக்கு அதைத்தான் எடுத்துக் காட்டினேன். அவர் கைப்பேசியை எடுத்து ஒரு படம் பிடித்துக்கொண்டார். மறுநாள் அவருடைய நான்காம் ஆண்டு அறிவியல் பாடத்தில் அது வெண்திரையில் விழுந்தது.

உங்கள் பள்ளி அலமாரியிலும் இப்படிப்பட்ட கையெழுத்து அட்டைகள் சில கிடக்கும். மழைக்காலத்துக்கு முன் எடுத்துப் படம் பிடித்து வைத்துவிடுங்கள்.