தாய்வழியும் கணக்குப் புத்தகமும்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் குடியேறிய ஆங்கிலேயக் குடும்பங்களின் வாரிசுகள் தங்கள் பூர்வீகத்தைத் தேடும்போது முதலில் புரட்டுவது கவுண்டி நீதிமன்றப் பதிவேடுகளை. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்றது. நிலப் பத்திரம், உயில், வரிப் பட்டியல், வழக்குக் குறிப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். பெரும்பாலும் சொத்தைக் காப்பதற்காக எழுதப்பட்ட தாள்கள் அவை. மணமான வெள்ளைப் பெண், ஆங்கிலேயப் பொதுச்சட்டப்படி கணவனின் பெயருக்குள் மறைந்தாள். அடிமைப்படுத்தப்பட்ட பெண்ணோ சொத்தாகவே பதிவானாள். இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். சில வீடுகளில் அவர்கள் ஒரே தகப்பனின் மக்கள். இந்த இருவரையும் சேர்த்து வாசிக்காமல் ஒரு காலனியக் குடும்பத்தின் வம்சாவளியை எழுத முடியாது என்று நினைக்கிறேன்.

1655இல் நார்தம்பர்லாந்து கவுண்டி நீதிமன்றத்தில் எலிசபெத் கீ என்ற பெண் தன் விடுதலைக்காக வழக்காடினார். தந்தை தாமஸ் கீ ஆங்கிலேயர். தாய் ஆப்பிரிக்கப் பெண். ஆங்கிலேயச் சட்டத்தில் பிள்ளைக்குத் தந்தையின் நிலைதான். ஆகவே தான் அடிமையல்ல என்பது எலிசபெத் தரப்பின் வாதங்களில் ஒன்று. சுமார் 80 வயதான எலிசபெத் நியூமன் என்ற மூதாட்டி சாட்சி சொன்னார்: அந்தக் கறுப்பினப் பெண்ணைக் கருவுறச் செய்ததற்காகத் தாமஸ் கீ அபராதம் விதிக்கப்பட்டவர் என்று. 1656இல் எலிசபெத் விடுதலை பெற்றார். தகப்பன் யார் என்று நிறுவ ஊரே பேசியது. அந்த மூதாட்டியின் சாட்சியத்திலும் தாய்க்குப் பெயர் இல்லை.

ஆறே ஆண்டுகளில், 1662இல், வர்ஜீனியா சட்டமன்றம் அந்தக் கதவை அடைத்தது. பிள்ளை அடிமையா இல்லையா என்பதை இனித் தாயின் நிலையே தீர்மானிக்கும் என்றது புதிய சட்டம். தாய்வழி என்றாலே பெண்ணுக்கு உரிமை தரும் முறை என்று எண்ணிப் பழகிய நமக்கு இது நெருடும். இங்கே தாய்வழி ஒரு விலங்கு. தகப்பன் பிள்ளைக்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளையை விற்கவும் செய்யலாம். பெண்ணின் மீது நடந்த வன்முறை ஆணின் சொத்துக் கணக்கில் வரவாக ஏறியது.

ஹெமிங்ஸ் குடும்பத்தில் இந்தச் சட்டம் தலைமுறை தலைமுறையாக வேலை செய்ததைப் பார்க்கலாம். எலிசபெத் ஹெமிங்ஸ், ஜான் வேல்ஸ் என்பவரின் அடிமை. வேல்ஸ் மூலம் அவருக்கு ஆறு பிள்ளைகள். கடைசி மகள் சாலி, 1773இல் பிறந்தவர். அதே ஆண்டில் வேல்ஸ் இறந்தார். அவருடைய மணவழி மகள் மார்த்தா, தாமஸ் ஜெஃபர்சனின் மனைவி. மார்த்தாவுக்கு வந்த பங்கு சட்டப்படி கணவன் கைக்குப் போனது. அந்தப் பங்கில் அவருடைய தங்கை சாலியும் இருந்தார்.

மனைவி இறந்து சில ஆண்டுகளுக்குப் பின் ஜெஃபர்சன் பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்தார். 1787இல் அவருடைய மகளுக்குத் துணையாக அங்கே அனுப்பப்பட்டபோது சாலிக்கு 14 வயது. ஜெஃபர்சன் அவரைவிட 30 வயது மூத்தவர். பிரான்சில் சாலி விடுதலை கோரியிருக்கலாம். தனக்குப் பிறக்கும் பிள்ளைகள் 21 வயதில் விடுவிக்கப்படுவார்கள் என்ற வாக்குறுதியின் பேரில்தான் அவர் திரும்பினார் என்று பின்னாளில் மகன் மேடிசன் சொன்னார். இதைக் காதல் கதையாக எழுதியவர்கள் உண்டு. உரிமையாளனுக்கும் உடைமைக்கும் நடுவில் சம்மதம் என்ற சொல்லை வைக்க எனக்குக் கை வரவில்லை. ஆனால் கையில் எதுவுமில்லாத அந்தப் பெண் தன் பிள்ளைகளுக்காகப் பேரம் பேசியதை மறக்கவும் மாட்டேன்.

ஜெஃபர்சனின் பண்ணைக் கணக்குப் புத்தகத்தில் சாலியின் பிள்ளைகள் தாய் பெயரோடு பதிவாகியிருக்கிறார்கள். தகப்பன் பெயர் இல்லை. 1826இல் அவர் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலில் சாலியின் மதிப்பு 50 டாலர். உயில் வழியாக மேடிசனும் எஸ்டனும் விடுதலை பெற்றார்கள். சாலியின் பெயர் அந்த உயிலில் இல்லை. மகன்களோடு சார்லட்ஸ்வில்லில் வாழ்ந்த அவர் 1830 கணக்கெடுப்பில் வெள்ளையராகவும், 1833 கணக்கெடுப்பில் சுதந்திரமான கலப்பினப் பெண்ணாகவும் எண்ணப்பட்டார். ஒரே பெண், மூன்றே ஆண்டு இடைவெளி.

1873இல் மேடிசன், ஒஹையோ மாநிலச் செய்தித்தாள் ஒன்றில் தன் தகப்பன் ஜெஃபர்சன்தான் என்று சொன்னார். வரலாற்றாசிரியர்கள் பலரும் அதை ஒதுக்கிவிட்டு, ஜெஃபர்சனின் வெள்ளைப் பேரப்பிள்ளைகள் காட்டிய கார் குடும்பத்து மருமகன்களையே நம்பினார்கள். அனெட் கோர்டன்-ரீட் 1997இல் வெளியிட்ட நூலில், இரு தரப்புச் சாட்சியங்களும் ஒரே தராசில் நிறுக்கப்படவில்லை என்று காட்டினார்.

மறு ஆண்டு மரபணுப் பரிசோதனை முடிவு வந்தது. ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். ஜெஃபர்சனின் மணவழி மகன் யாரும் பிழைக்காததால் அவருடைய பெரியப்பா வழி ஆண்களிடம் மாதிரி எடுத்தார்கள். எஸ்டனின் ஆண்வழி வாரிசோடு அது பொருந்தியது. கார் குடும்பத்தோடு பொருந்தவில்லை. அந்தக் குரோமோசோம் ஒரு குடும்பத்து ஆண்களைத்தான் காட்டும், தனி ஒருவரை அல்ல. அதைக் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் பிறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பு ஜெஃபர்சன் மாண்டிசெல்லோ வீட்டில் இருந்திருக்கிறார்.

ஆனால் இந்தப் பரிசோதனையும் ஆண்வழியில் மட்டுமே நடந்தது. சாலியின் மகள் ஹாரியட் 1822இல் மாண்டிசெல்லோவை விட்டுப் போய் வெள்ளையராக வாழ்ந்தார். அவருடைய வாரிசுகளைப் பற்றி ஒய் குரோமோசோம் எதுவும் சொல்லாது. தாய்வழியைக் காட்டும் மைட்டோகாண்ட்ரிய மரபணுவுக்கு மகள்களின் சங்கிலி அறுபடாமல் வேண்டும். பொதுப் பரிசோதனையில், ஏழு தலைமுறைக்கு மேலே உள்ள ஒரு மூதாதையின் பங்கு சராசரியாக 1 சதவீதத்தையும் எட்டாது. பெயர் மாற்றி, நிறம் மாற்றி வாழ்ந்த பெண்களைக் கண்டுபிடிக்கக் குடும்பங்களில் சொல்லிவந்த கதைகளும் வேண்டும்.

125 ஆண்டுகள் மேடிசனின் சொல்லுக்கு மதிப்பில்லாமல் இருந்தது ஆதாரக் குறைவால் அல்ல. பிள்ளைகளின் பெயரும் பிறந்த காலமும் எசமானின் கையெழுத்திலேயே இருந்தன. குறைந்தது, அடிமைப் பெண்ணின் மகனும் சாட்சிதான் என்ற எண்ணம். ஆய்வகம் அந்த எண்ணத்தைத் தராது. பதிவேட்டைத் திறக்கும் நாம்தான் அதைக் கொண்டுபோக வேண்டும்.